ரூட் செய்த போனில் எந்தப் பார்ட்டிஷனை முதலில் எடுத்து வைக்க வேண்டும்?

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காபித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறார். கையில் இருப்பது குவால்காம் சிப் போட்ட, ஆண்ட்ராய்டு 12 ஓடுகிற போன். மேஜிஸ்க் என்ற கருவி வழியாக ரூட் செய்துவிட்டார், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துவிட்டார். அடுத்து கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி அல்லாத வேறொருவர் தயாரித்த ஆண்ட்ராய்டு, போட்டுப் பார்க்க ஆசை. அவருடைய கேள்வி இதுதான்: "சிஸ்டம் பார்ட்டிஷனை முழுசா பேக்கப் எடுத்து வச்சுட்டா, என்ன ஆனாலும் பழையபடி கொண்டு வந்துடலாம்தானே? டெர்மினல்ல டிடி கட்டளை போட்டா போதுமா?"

தம்பி, டிடி போதும். பார்ட்டிஷன் என்பது போனின் ஸ்டோரேஜில் பிரித்து வைத்த ஒரு பகுதி, டிடி அதை அப்படியே கோப்பாக நகலெடுக்கும். ஆனால் நீங்கள் எடுக்க நினைக்கிற பார்ட்டிஷன்தான் இருப்பதிலேயே அவசரம் குறைந்தது.

போன வருஷம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என் மேசைக்குப் போனைக் கொண்டுவந்தார். போன் ஓடுகிறது, ஆனால் யாராவது அழைத்து அதைக் காதில் வைத்தால் திரை அணைந்துவிடும். காதை விட்டு எடுத்தாலும் எரியாது. எதிராளி வைக்கும் வரை இவரால் அழைப்பைத் துண்டிக்க முடியாது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ரோம் மாற்றும்போது "எல்லாவற்றையும் சுத்தமாக" அழித்திருக்கிறார். "பேக்கப் இருக்குங்க" என்று ஒரு பென்டிரைவை நீட்டினார். திறந்து பார்த்தேன். சிஸ்டம் இருந்தது, வெண்டர் இருந்தது, மூன்று வெவ்வேறு தேதிகளில் எடுத்தவை. 18 ஜிபிக்கு மேல். பெர்சிஸ்ட் என்ற பார்ட்டிஷன் மட்டும் இல்லை. அவர் போனில் அதன் அளவு 32 எம்பி.

ஃபர்ம்வேரோடு, அதாவது கம்பெனி தரும் முழு மென்பொருள் தொகுப்போடு, வரும் பொதுவான பெர்சிஸ்ட் இமேஜை (பார்ட்டிஷனின் கோப்பு வடிவம்) போட்டுப் பார்த்தோம். திரை எரிந்தது. ஆனால் சென்சாரின் அளவுத்திருத்தம் அந்தப் போனுக்கென்று தொழிற்சாலையில் செய்தது. அது பொது இமேஜில் வராது. இன்றைக்கும் அவர் போன் பேசும்போது கன்னம் பட்டு மியூட் ஆகிறது.

ஆகவே, எந்தப் பார்ட்டிஷனைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இது தொலைந்தால் எங்கிருந்தாவது திரும்பக் கிடைக்குமா?

ஆண்ட்ராய்டும் கம்பெனியின் மென்பொருளும் இருக்கும் சிஸ்டம், வெண்டர், பிராடக்ட் மூன்றும் கிடைக்கும். உங்கள் மாடலில் விற்ற அத்தனை போனிலும், அதே பில்ட் எண் (மென்பொருளின் பதிப்பு எண்) இருந்தால், இவை ஒரு பிட் மாறாமல் ஒன்றாகவே இருக்கும். இருந்தாக வேண்டும். டிஎம்-வெரிட்டி என்ற சரிபார்ப்பு, பார்ட்டிஷனில் ஒரு பிளாக் மாறியிருந்தாலும் அதைப் படிக்க மறுத்துவிடும். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களில் சிஸ்டம் பார்ட்டிஷனை எழுதக்கூடியதாக மவுண்ட் செய்யவே (இணைக்கவே) பெரும்பாலும் முடியாது. மேஜிஸ்க் போட்டால்கூட அது சிஸ்டத்தைத் தொடுவதில்லை. போனை எழுப்பும் பூட் இமேஜை மாற்றிவிட்டு, மாற்றங்களை மேலே ஒரு போர்வை போலப் போர்த்துகிறது. அதனால் உங்கள் சிஸ்டம் பார்ட்டிஷன் இன்றைக்கும் கம்பெனி கொடுத்தபடியேதான் இருக்கிறது. அதே பில்ட் எண்ணுக்கான முழு ஃபர்ம்வேர் கோப்பு கம்ப்யூட்டரில் இருந்தால், சிஸ்டத்துக்கு அதுதான் பேக்கப். மேலே சிக்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பல ஜிபி கோப்பை அங்கே உட்கார்ந்து இறக்கப் பார்க்காதீர்கள், சேலம் இறங்கும்போது நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். அதையும் ரோம் மாற்றுவதற்கு முன்பே செய்யுங்கள். போன் செத்த பிறகு, எந்த பில்ட் எண் இருந்தது என்பதே நிறையப் பேருக்கு நினைவிருக்காது.

சில சின்ன பிராண்டுகள் ஃபர்ம்வேரை வெளியிடுவதே இல்லை. உங்கள் போன் அந்த வகை என்றால் சிஸ்டத்தையும் நீங்களேதான் எடுக்க வேண்டும். அப்போதும் சிஸ்டம் என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையதோடு விற்பனைக்கு வந்த போன்களில் சிஸ்டம், வெண்டர், பிராடக்ட் எல்லாம் சூப்பர் என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனுக்குள் அடக்கம். அந்த சூப்பரை அப்படியே எடுத்துவிடலாம். அது பல ஜிபி வரும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, எங்கும் திரும்பக் கிடைக்காதவை. குவால்காம் போனில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, எஃப்எஸ்சி, பெர்சிஸ்ட். இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட வராது. மோடம்எஸ்டி இரண்டிலும் மோடத்தின், அதாவது நெட்வொர்க்கோடு பேசும் பாகத்தின், சொந்த நினைவு இருக்கிறது: ரேடியோ அளவுத்திருத்தம், பல போன்களில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ. எஃப்எஸ்ஜி என்பது அதற்கு ஒரு தங்கப் பிரதி மாதிரி. மோடம்எஸ்டி இரண்டும் காலியாக இருந்தால், அடுத்த முறை போன் எழும்போது மோடம் எஃப்எஸ்ஜியைப் பார்த்துத் தன்னை மறுபடி எழுதிக்கொள்ளும். எஃப்எஸ்ஜியும் போய்விட்டால் பார்த்து எழுத ஒன்றுமில்லை. நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐஎம்இஐ இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் வரும், சிம் போட்டாலும் நெட்வொர்க் வராது. பெர்சிஸ்டில் சென்சார் அளவுத்திருத்தம் இருக்கிறது. சில போன்களில் வைஃபை, ப்ளூடூத் முகவரிகளும் இருக்கும். படங்களின் நகல் பாதுகாப்புக்கான வைட்வைன் சாவியும் பெரும்பாலும் அங்கேதான். அது போனால் படம் காட்டும் ஆப்களில் எச்டி தரம் வராது.

வேறு போன் வைத்திருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி: மீடியாடெக் சிப் என்றால் என்வி-ராம், என்வி-டேட்டா, ப்ரொடெக்ட்1, ப்ரொடெக்ட்2, ப்ரோஇன்ஃபோ, பெர்சிஸ்ட் ஆகியவற்றைப் பாருங்கள். சாம்சங்கில் இஎஃப்எஸ், செக்-இஎஃப்எஸ்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. கிடைக்கும், ஆனால் கையில் இருந்தால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். போன் எழும்போது தேவைப்படும் பூட், டிடிபிஓ, விபிமெட்டா, வெண்டர்-பூட், பிறகு பழுது பார்க்கும் நிலையான ரெக்கவரி. ஆண்ட்ராய்டு 13-உடன் விற்பனைக்கு வந்த போன்களில் இனிட்-பூட் என்று ஒன்று கூடுதலாக இருக்கும். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: நீங்கள் ஏற்கெனவே ரூட் செய்துவிட்டீர்கள். ஆகவே இப்போது டிடி போட்டு எடுக்கும் பூட் இமேஜ் மேஜிஸ்க் மாற்றிய பூட்தான், கம்பெனி பூட் அல்ல. ரூட்டோடு திரும்பி வர அது உதவும். கம்பெனி நிலைக்கு முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால் ஃபர்ம்வேருக்குள் இருக்கும் பூட்டையும் தனியாக எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே "பூட்-ரூட்", "பூட்-அசல்" என்று பிரித்து எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, போன் எழாத நேரத்தில், எது எது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, எடுக்கும் வேலைக்கு வருவோம். பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டிடபிள்யூஆர்பி மாதிரி ஒரு ரெக்கவரி உங்கள் மாடலுக்கு இருந்தால் அதற்குள் போய் எடுப்பதே நல்லது. ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெர்சிஸ்ட் எழுதக்கூடிய நிலையில் மவுண்ட் ஆகியிருக்கும், மோடமும் தன் பார்ட்டிஷனில் அவ்வப்போது எழுதிக்கொண்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தால் பாதி வரி வரும். ரெக்கவரி இல்லையென்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு எடுங்கள்.

டெர்மினலில் சூப்பர்யூசர் (ரூட்) அனுமதி வாங்கிய பிறகு டிடி அடிக்க அவசரப்படாதீர்கள். முதலில் பட்டியல். டெவ், அதற்குள் பிளாக், அதற்குள் பை-நேம் என்ற அடைவுக்கு எல்எஸ் கட்டளையை மைனஸ் எல்லோடு கொடுங்கள். பார்ட்டிஷன் பெயர்கள் இடப்பக்கம், ஒவ்வொன்றும் உண்மையில் எந்தச் சாதனத்தைக் காட்டுகிறது என்பது அம்புக்குறிக்கு வலப்பக்கம் வரும். அந்தப் பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பூட் என்று ஒன்றே ஒன்று இருக்கிறதா, அல்லது பூட்-ஏ, பூட்-பி என்று இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் அது ஏ-பி போன், ஆண்ட்ராய்டு 7-இல் வந்த முறை. ஒரு பக்கம் ஓடும்போது அப்டேட் மறுபக்கத்தில் ஏறும். இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ப்ராப் கட்டளையில் ஸ்லாட் சஃபிக்ஸ் கேட்டால் சொல்லிவிடும். பக்கம் மாற்றி ரீஸ்டோர் செய்துவிட்டு "ஒன்னுமே மாறலையே" என்று வருகிறவர்கள் நிறைய.

டிடிக்கு இரண்டு பாதைகள் கொடுக்க வேண்டும். ஐஎஃப் என்பது எங்கிருந்து, ஓஎஃப் என்பது எங்கே. பேக்கப் எடுக்கும்போது ஐஎஃப் பார்ட்டிஷன், ஓஎஃப் கோப்பு. ரீஸ்டோரில் அப்படியே தலைகீழ். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் டிடி "நிச்சயமா?" என்று கேட்காது. அதே பெயரில் ஒரு பழைய கோப்பு அங்கே கிடந்தால், அதைக் கொண்டுபோய் நல்ல பார்ட்டிஷன்மேல் எழுதிவிடும். அதனால் கட்டளையை அடித்ததும் கையை எடுத்துவிட்டு, வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்: இங்கிருந்து, இங்கே. படித்த பிறகு என்டர்.

கோப்பு வந்துவிட்டது என்பதற்காக வேலை முடியவில்லை. என் சொந்தப் போனில் நடந்தது இது. ஸ்டோரேஜ் நிறைந்திருந்தது, நான் பார்க்கவில்லை. டிடி பாதியில் நின்றிருக்கிறது. அது காட்டிய பிழைச்செய்தி, அடுத்தடுத்து ஓடிய கட்டளைகளின் வரிகளோடு மேலே போய்விட்டது. பூட் இமேஜ் என்ற பெயரில் கோப்பு இருந்தது. நான்கு மாதம் கழித்துத் தேவைப்பட்டபோது போட்டேன், போன் எழவில்லை. 64 எம்பி பூட் பார்ட்டிஷன் என்றால் கோப்பு சரியாக 6,71,08,864 பைட் இருக்க வேண்டும். என் கோப்பில் அதில் முக்கால்வாசிகூட இல்லை. அன்றிலிருந்து பார்ட்டிஷனின் அளவையும் கோப்பின் அளவையும் பைட் கணக்கில் நோட்டில் எழுதி ஒப்பிடாமல் விடுவதில்லை. பிளாக்டெவ் கட்டளை பார்ட்டிஷன் அளவைச் சொல்லும்.

அளவு ஒத்துப்போனால் அடுத்து ஷா256, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண். பார்ட்டிஷன்மேல் ஒருமுறை, கோப்பின்மேல் ஒருமுறை, கம்ப்யூட்டருக்கு இழுத்த பிறகு அங்கேயும் ஒருமுறை. மூன்றிலும் 64 எழுத்தும் ஒன்றாக வர வேண்டும். ஆண்ட்ராய்டு ஓடும்போது எடுத்த பெர்சிஸ்டும் மோடம்எஸ்டியும் மட்டும் பார்ட்டிஷனோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், காரணம் மேலே சொன்னதுதான். மற்றவை ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடுங்கள். லூசான கேபிளில் இழுத்த கோப்பு பாதியில் அறுந்து நிற்பதையும் இதுதான் காட்டிக்கொடுக்கும்.

பூட் இமேஜை எழுதாமலே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டரோடு இணைத்து இமேஜ் எழுதும் ஃபாஸ்ட்பூட் நிலையில், ஃப்ளாஷ் (எழுது) என்பதற்குப் பதிலாக பூட் என்ற கட்டளையோடு அந்தக் கோப்பைக் கொடுத்தால், போன் அதை மெமரியில் மட்டும் ஏற்றி எழும். எழுந்தால் கோப்பு நல்லது. எழாவிட்டாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் பழையபடி வந்துவிடும். சில கம்பெனிகள் இந்த வசதியை அடைத்து வைத்திருக்கின்றன. உங்கள் போனில் திறந்திருந்தால் கட்டாயம் செய்து பாருங்கள்.

யூசர்டேட்டாவை டிடியால் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடுக்காதீர்கள். அது என்க்ரிப்ட் ஆனது, அதைத் திறக்கும் சாவி சிப்புக்குள்ளே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ரோம் மாற்றும்போது டேட்டாவை ஃபார்மேட் செய்தால் பழைய சாவியும் போய்விடும். அதன் பிறகு அந்த 100 ஜிபி கோப்பு வெறும் இரைச்சல். மிளகு எடைக் கணக்கு, ஆள் சம்பளக் கணக்கு, படங்கள் இவற்றை எல்லாம் கோப்புகளாகவே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். இன்னொன்று: டிடபிள்யூஆர்பியில் டேட்டா பேக்கப் எடுத்தாலும், படங்களும் வீடியோக்களும் இருக்கும் உள் ஸ்டோரேஜ் அதில் சேராது.

எடுத்ததை எங்கே வைப்பது? போனுக்குள் மட்டும் வைத்தால் அது பேக்கப்பே அல்ல. லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, பாஸ்வேர்ட் போட்டுச் சுருக்கி கிளவுடில் ஒன்று. பாஸ்வேர்ட் அவசியம், உள்ளே உங்கள் போனின் அடையாளமே இருக்கிறது. மாடல், பில்ட் எண், எடுத்த தேதி, ஷா256 எண்கள் எல்லாவற்றையும் ஒரு உரைக்கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள்.

ரீஸ்டோர் பற்றி. கெட்டது எதுவோ அதை மட்டும் திரும்பப் போடுங்கள். பயத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பழையதாக மாற்றுகிறவர்கள்தான் போனைக் கல்லாக்குகிறார்கள். பூட், டிடிபிஓ, விபிமெட்டா ஃபாஸ்ட்பூட்டிலேயே ஏறும். சூப்பருக்குள் இருக்கும் சிஸ்டம், வெண்டர் போன்றவற்றைத் தனித்தனியாகப் போட ஃபாஸ்ட்பூட்-டி என்ற வேறு நிலைக்குப் போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி பெயர், ஆனால் அது ரெக்கவரி பக்கத்திலிருந்து ஓடுவது. சாதாரண ஃபாஸ்ட்பூட்டில் நின்றுகொண்டு சிஸ்டத்தை ஃப்ளாஷ் செய்தால் அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று சொல்லும், போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெர்சிஸ்டை எழுத பல பூட்லோடர்கள் (போனை முதலில் எழுப்பும் நிரல்) ஃபாஸ்ட்பூட்டில் அனுமதிப்பதில்லை. ரெக்கவரியில் அதை அன்மவுண்ட் செய்துவிட்டு டிடி போடுங்கள், பிறகு சிங்க் கட்டளை (மிச்சம் இருப்பதை எழுதி முடிக்கும்) கொடுத்துவிட்டு ரீபூட். மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி மூன்றும் ஒரே நாளில் எடுத்த கூட்டமாகவே திரும்பப் போக வேண்டும்.

பூட்டும் சிஸ்டமும் ஒரே பில்டைச் சேர்ந்ததாக இருக்கட்டும். பழைய பூட்டைப் புது சிஸ்டத்தோடு சேர்த்தால் போன் எழுந்தாலும் வைஃபை ஆன் ஆகாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பூட்டுக்குள் இருக்கும் மைய நிரலான கெர்னலுக்கும் வெண்டரில் இருக்கும் மாட்யூல்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததுதான் காரணம். அதேபோல, டேட்டாவை வைத்துக்கொண்டு பழைய ஆண்ட்ராய்டுக்கு இறங்கப் பார்க்காதீர்கள். என்க்ரிப்ஷன் சாவிகள் பாதுகாப்புப் பேட்ச் தேதியோடு கட்டப்பட்டவை, மேலே ஏறினால் கீழே இறங்காது. டேட்டாவை அழித்தால்தான் போன் எழும்.

எக்ஸ்பிஎல், ஏபிஎல் என்று பட்டியலில் இருப்பவை பூட்லோடரின் பாகங்கள். அவற்றைப் படித்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை, பழையதைத் திரும்ப எழுதக் கூடாது. ஆன்டி-ரோல்பேக் என்ற எண்ணிக்கை சிப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதைவிடப் பழைய பூட்லோடரை எழுதினால் ஃபாஸ்ட்பூட்கூட வராது. உதாரணமாக, கூகுள் பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13 அப்டேட்டோடு இப்படி ஒரு பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டு 12 பூட்லோடருக்குத் திரும்ப வழியில்லை. மாற்றிய இமேஜ் எதுவாவது உள்ளே இருக்கும்போது பூட்லோடரைத் திரும்ப லாக் செய்வதும் இதே அளவு ஆபத்து. கம்பெனி ஃபர்ம்வேர் முழுதாக ஏறி, ஒருமுறை நன்றாக எழுந்த பிறகுதான் லாக்.

அப்புறம், உங்கள் பேக்கப்பை நண்பருக்கோ, நண்பரின் பேக்கப்பை உங்களுக்கோ, அதே மாடல்தானே என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். பூட், சிஸ்டம் பரவாயில்லை. மோடம்எஸ்டி கூடவே கூடாது. புது குவால்காம் சிப்களில் அது அந்தச் சிப்புக்கே உரிய சாவியால் பூட்டியிருப்பதால் பெரும்பாலும் வேலை செய்யாது. வேலை செய்தால் அதைவிட மோசம், இன்னொரு போனின் ஐஎம்இஐயோடு நீங்கள் நடமாடுவீர்கள். ஐஎம்இஐயை மாற்றுவதைத் தடுக்க 2017-இலேயே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்துவிட்டது, அது குற்றம். உங்கள் போனின் எண்ணை உங்கள் போனுக்கே திரும்பக் கொண்டுவருவது வேறு விஷயம். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

ரீஸ்டோர் முடிந்ததும் ஐஎம்இஐ எண்ணை எடுத்துப் போன் பெட்டியில் ஒட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். வைஃபை, ப்ளூடூத், கைரேகை பாருங்கள். யாரையாவது அழைத்து, காதில் வைத்து எடுத்துத் திரை எரிகிறதா என்றும் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு அந்த எல்எஸ் பட்டியலை மட்டும் எடுத்து அனுப்புங்கள் தம்பி. படிக்கும் கட்டளைதான், போனுக்கு ஒன்றும் ஆகாது. பார்ட்டிஷன் பெயர்கள் நான் சொன்னதிலிருந்து வேறுபட்டால், எது எது என்று குறித்துத் தருகிறேன். அதன் பிறகு டிடி அடிக்கலாம்.